குரலை நீக்கினால் எஞ்சுவது யாருடைய உழைப்பு?

சினிமாப் பாட்டிலிருந்து பாடகரின் குரலை மட்டும் தனியே கழற்றிவிட்டு, வாத்தியங்களை மட்டும் ஒலிக்கச் செய்யும் வேலை இன்று செல்போனிலேயே நடக்கிறது. ஸ்டுடியோ வேண்டாம், இஞ்சினீயர் வேண்டாம். பாட்டைக் கொடுத்துவிட்டு ஒரு கிளாஸ் டீ குடித்து முடிப்பதற்குள் குரல் வேறாகவும் வாத்தியம் வேறாகவும் பிரிந்து வந்துவிடுகின்றன. ஆனைமலை, கிணத்துக்கடவு, நெகமம், கோட்டூர் என்று நமது பொள்ளாச்சி வட்டாரத்தில் எந்த ஊர் நோம்பிக்குப் போனாலும், குரலில்லாத பாட்டு ஒலிபெருக்கியில் ஓட, அதன்மேல் ஒருவர் மைக்கைப் பிடித்துப் பாடுவதைக் காணலாம். கரோக்கி என்று இதற்குப் பெயர்.

“பாட்டைக் கேட்டோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருக்கக்கூடாதா? இதிலும் அரசியலா?” என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். ஆம், இதிலும் அரசியல் இருக்கிறது. எங்கே கூலி இருக்கிறதோ அங்கே அரசியல் இருக்கிறது. நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி: குரலை எடுத்துவிட்ட பிறகு அந்தப் பாட்டில் எஞ்சி நிற்பது என்ன? அது யாருடைய உழைப்பு? அதை விற்று வரும் காசு யாருக்குப் போகிறது?

யந்திரம் செய்யும் வேலை

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். ஒரு காலத்தில் நமது கோவையே தமிழ்ப் பாட்டுப் பதிவாகும் ஊராக இருந்தது. கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் கம்பெனியார் படம் எடுத்த காலத்தில்தான் டி.எம். சௌந்தரராஜன் சினிமாவுக்கு வந்தார். அவர் முதலில் பாடிய ‘கிருஷ்ண விஜயம்’ 1950-இல் வெளிவந்தது. அந்தக் காலத்துப் பாட்டுப் பதிவு எப்படி நடந்தது? பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் பாடவும் வாசிக்கவும் வேண்டும். புல்லாங்குழல்காரர் ஒரு இடத்தில் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குரலும் வாத்தியமும் பாலும் தண்ணீருமாகக் கலந்து ஒரே தடத்தில் பதிவாயின. கலந்ததைப் பிரிக்க எவராலும் முடியாதிருந்தது.

பிறகு ‘ஸ்டீரியோ’ வந்தது. இடது, வலது என்று இரண்டு தடங்கள். பாடகரின் குரலை இரண்டு தடத்திலும் சம அளவில் வைப்பது வழக்கம். ஒரு தடத்திலிருந்து இன்னொன்றைக் கழித்தால், இரண்டிலும் சமமாக இருப்பது அழிந்துபோகும், குரல் போய்விடும். ஆனால் அதோடு நடுவில் வைத்திருந்த மத்தளமும் அடித்தந்தி ஓசையும் சேர்ந்தே போய்விடும். கொட்டையைப் பிடுங்கப் போய்ப் பஞ்சையும் பிய்த்த கதைதான்.

இன்றைய யந்திரம் வேறு. குரல் தனியாகவும் வாத்தியங்கள் தனியாகவும் பதிவான ஏராளமான பாட்டுகளைக் கொடுத்து அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். மனிதக் குரலின் ஓசை எப்படி இருக்கும், வயலினின் ஓசை எப்படி இருக்கும் என்று அது அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது. பிறகு, ஒரே தடத்தில் பதிவான பழைய பாட்டைக் கொடுத்தாலும் சலித்துப் பிரித்துவிடுகிறது. 2019-இல் டீஸர் என்ற பிரெஞ்சுக் கம்பெனி ‘ஸ்ப்ளீட்டர்’ என்ற இத்தகைய சாதனத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டது. 1980-இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஆங்கிலப் பாடகர் ஜான் லெனன், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே பாடி வைத்திருந்த ஒரு பழைய கேசட்டிலிருந்து அவர் குரலை மட்டும் பிரித்தெடுத்து, 2023-இல் பீட்டில்ஸ் குழுவின் புதுப் பாட்டாக வெளியிட்டார்கள்.

இது விஞ்ஞானத்தின் பெரிய சாதனை. நாம் யந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. கச்சேரி வைக்கக் காசில்லாத ஏழையின் வீட்டு விசேஷத்திலும் இன்று பாட்டு நடக்கிறது. ஷிப்ட் முடிந்து வரும் மில் தொழிலாளியும், தென்னை நார் மில்லில் வேலை செய்யும் பெண்ணும், தோப்பில் தேங்காய் உரிக்கும் தோழரும் கேட்பவர்களாக மட்டும் நிற்காமல் பாடுகிறவர்களாகவும் ஆகிறார்கள். இருபத்தொன்பது வயதிலேயே, 1959-இல் நம்மை விட்டுப் போன பாட்டாளிக் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வரிகளை, மூலப்பாட்டின் வாத்தியத்தோடு ஒரு காட்டு வேலைக்காரர் எழுந்து நின்று தன் சொந்தக் குரலில் பாடினால், அதைக் கேட்டு மகிழ்கிறவர்களில் நாமும் சேர்த்தி. பாடுகிற ஏழை மீது நமக்கு ஒரு வழக்கும் இல்லை. நமது வழக்கு விற்கிறவன் மீதுதான்.

“காலி” என்று சொல்லும் பெயர்

கரோக்கி என்பது ஜப்பானிய வார்த்தை. ‘காலி வாத்தியகோஷ்டி’ என்பது அதன் பொருள். 1971-இல் கோபே நகரத்தில் இந்த யந்திரத்தைச் செய்தவர் இனோவே டைசுகே. அவர் முதலாளி அல்ல. மதுக்கடைகளில் வாடிக்கைக்காரர்கள் பாட, கூலிக்குப் பின்னணி வாசித்து வந்தவர். தாம் நேரில் போக முடியாத இடத்துக்குத் தம் வாசிப்பை டேப்பில் பதிந்து கொடுத்ததிலிருந்து பிறந்தது இந்த யோசனை. அதற்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. உலகமெங்கும் அந்தத் தொழில் கோடி கோடியாகச் சம்பாதித்தது. கண்டுபிடித்தவர் அந்தக் கோடிகளைக் காணவில்லை.

அந்தப் பெயரையே சற்று யோசித்துப் பாருங்கள். காலியாக இருப்பது வாத்தியகோஷ்டி அல்ல, பாடகரின் இடம்தான். வாத்தியகோஷ்டி நிறைந்து நிற்கிறது! குரல் முன்னால் நின்றவரை நம் காதில் சரியாக விழாதிருந்த வயலின், ஷெனாய், தபேலா, டோலக், கிட்டார் எல்லாம் குரலை நீக்கியதும் முன்னுக்கு வருகின்றன. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வாசித்த அந்தப் புல்லாங்குழல் இத்தனை அழகா என்று அப்போதுதான் தெரிகிறது. அதை வாசித்தது யார்? இசைத்தட்டைப் புரட்டிப் பாருங்கள். படத்தின் பெயர் இருக்கும். இசையமைப்பாளர் பெயர் இருக்கும். பாடகர் பெயர் இருக்கும். புல்லாங்குழல்காரர் பெயர் இருக்காது. அவருக்கு அன்றைய கால்ஷீட் கூலி கொடுத்தார்கள்; கணக்குத் தீர்ந்தது என்றார்கள்.

ஆகவே குரலை நீக்கிய பாட்டு என்பது, பெயர் போடாத நூற்றுக்கணக்கான தொழிலாளிகளின் உழைப்பைத் தவிர வேறில்லை. ஒரு முறை பாட்டாக விற்ற அந்த உழைப்பையே இப்போது கரோக்கி என்ற புதுச் சரக்காக இரண்டாம் முறை விற்கிறார்கள். நேரடியாக விற்பவர் உண்டு. மாதச் சந்தா வசூலிப்பவர் உண்டு. இலவசம் என்று காட்டி விளம்பரத்தில் சம்பாதிப்பவரும் உண்டு. விற்பனை இரண்டு, கூலி ஒன்று. இது என்ன நியாயம்?

சட்டம் கொடுத்ததும் பறித்ததும்

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நிகழ்த்துகிறவர்களின் உரிமை சேர்க்கப்பட்டது. யார் யார் நிகழ்த்துகிறவர் என்று சட்டம் ஒரு பட்டியல் கொடுக்கிறது: நடிகர், பாடகர், வாத்தியக் கலைஞர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, மோடி வித்தைக்காரர், பாம்பாட்டி! பாம்பாட்டிக்கும் இடம் கொடுத்த சட்டம் அது. 2012-இல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. சினிமாவுக்கு என்று சம்மதித்து எழுதிக் கொடுத்திருந்தாலும், அந்த நிகழ்ச்சி வியாபாரத்துக்குப் பயன்படும்போது நிகழ்த்தியவருக்குப் பங்கு உண்டு என்றது. பாடகர்கள் 2013-இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துப் பங்கு கேட்கத் தொடங்கினார்கள். நல்லது, வரவேற்கிறோம்.

ஆனால் அதே 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒரு வாலும் ஒட்டிக்கொண்டு வந்தது. சினிமாவில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் போடப்படுவதில்லை என்றால், அவர் ‘நிகழ்த்துகிறவர்’ என்றே கருதப்பட மாட்டார். அவர் நிகழ்த்தியதைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை ஒன்றுதான் மிஞ்சும்.

மில் தொழிலாளிக்கு இந்தத் தந்திரத்தை விளக்கவும் வேண்டுமா? வேலைக்கு வைத்துக்கொள்வான், பதிவேட்டில் பெயர் எழுத மாட்டான். பிறகு பி.எஃப். கேட்டால், போனஸ் கேட்டால், “பதிவேட்டில் உன் பெயர் எங்கே?” என்று கேட்பான். காண்ட்ராக்ட் தொழிலாளியிடம் முதலாளி ஆடும் ஆட்டம் அதுவே. பாட்டு முழுக்க வயலின் வாசித்தவரின் பங்கு தற்செயலானதாகாது என்பது நமது உறுதியான கருத்து. ஆனால் பெயர் போடாத வழக்கத்தை உண்டாக்கியவன் முதலாளி. அந்த வழக்கத்தையே ஆதாரமாகக் காட்டி, உரிமை இல்லை என்று அவன் வாதாடவும் வாசல் திறந்து வைத்திருக்கிறது சட்டம்.

பாட்டு யாருடையது என்று பெரிய இடங்களில் சண்டை நடக்காமல் இல்லை. 2017-இல், தம் அனுமதியில்லாமல் தம் பாட்டுகளை மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் போயிற்று. குரலைப் பிரித்தெடுக்கும் வித்தை வந்தபின் சண்டை இன்னும் முற்றியிருக்கிறது. ஏனென்றால் பிரித்தால் கிடைப்பது இரண்டு சரக்கு: ஒன்று குரலில்லாத பாட்டு, இன்னொன்று பாட்டில்லாத குரல். அந்தத் தனிக் குரலைக் கொண்டு, பாடகர் பாடாத பாட்டையும் பாடியதுபோலச் செய்துவிடலாம். 2024-இல் ‘லால் சலாம்’ படத்தில், காலமான ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் இந்தச் செயற்கை அறிவின் மூலம் ஏ.ஆர். ரஹ்மான் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, பணமும் கொடுத்ததாக அறிவித்தார். அதே ஆண்டில், எஸ்.பி.பி. குரலை அனுமதியின்றி அப்படிப் பயன்படுத்தியதாக ஒரு தெலுங்குப் படக்காரருக்கு அவர் குடும்பத்தார் நோட்டீஸ் விட்டார்கள். பம்பாய் ஹைகோர்ட்டும் அதே ஆண்டில், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை இவ்வாறு எடுத்தாளக்கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது.

பாடகரின் குரல் அவருடையது என்பது சரியே. ஆனால் இத்தனை நோட்டீசிலும் உத்தரவிலும் தபேலாக்காரரின் விரலைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? குரலுக்குச் சொந்தம் கொண்டாட வாரிசும் வக்கீலும் இருக்கிறார்கள். விரலுக்கு யார் இருக்கிறார்கள்?

செத்த உழைப்பும் உயிருள்ள உழைப்பும்

இந்தக் கேள்வி எங்கோ சென்னை ஸ்டுடியோவோடு நிற்பதல்ல. நம் ஊர் மேடைக்கும் வந்துவிட்டது.

மெல்லிசைக் கச்சேரி என்றால் ஒரு காலத்தில் மேடை நிறைய ஆள் இருக்கும். கீபோர்டு, கிட்டார், டிரம்ஸ், தபேலா, புல்லாங்குழல், பாடகர்கள், மைக் செட்காரர். பகலில் மில்லிலும் பட்டறையிலும் வேலை பார்த்துவிட்டு இரவில் வாசித்தவர்கள் இவர்களில் அநேகர். நோம்பிக் காலமும் கல்யாணக் காலமும் வந்தால் குழந்தைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு அந்தப் பணம் ஆகும். இன்று பல மேடைகளில் ஒரு லேப்டாப்பும் இரண்டு பாடகர்களும் போதும் என்று ஆகிவிட்டது.

நமது வட்டாரத்து நூற்பாலைத் தொழிலாளி ஒருவர், கச்சேரிகளில் தபேலா வாசித்து வந்தவர், நம்மிடம் சொன்னார்: “அந்தப் பாட்டுல வர்ற தபேலாவைக் கேட்டுக் கேட்டுத்தானுங்க நான் கையைப் பழக்குனேன். அதே தபேலா இப்ப என்ற எடத்துல ஒக்காந்து வாசிக்குது. எனக்குச் சொல்லிக்குடுத்தவரே என்னை எந்திரிச்சுப் போகச் சொன்ன மாதிரி இருக்குதுங்க.”

மார்க்ஸ் இதைத்தான் விளக்கினார். தொழிலாளி நேற்று செய்த உழைப்பு யந்திரமாக உறைந்து நிற்கிறது. அது முதலாளியின் கையில் இருக்கும்போது, இன்று உயிரோடு இருக்கும் தொழிலாளியின் மேல் ஏறி மிதிக்கிறது. செத்த உழைப்பு உயிருள்ள உழைப்பை ஆள்கிறது. மில்லுக்குள் ‘ஆட்டோகோனர்’ வந்தபோது, நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கைகள் என்ன ஆயின என்பதைக் கண்டவர்கள் நாம். பாட்டில் நடப்பது இன்னும் விசித்திரம். இங்கே தொழிலாளியை வெளியேற்றும் யந்திரத்தின் வயிற்றுக்குள் இருப்பது இன்னொரு தொழிலாளியின் விரல்கள். சென்னையில் வாசித்தவருக்கு இரண்டாம் கூலி இல்லை. பொள்ளாச்சியில் வாசிப்பவருக்கு முதல் கூலியும் இல்லை. இருவரையும் ஒரே சரக்கு ஏமாற்றுகிறது. இந்த இருவரும் எதிரிகள் அல்ல, ஒரே கட்சிக்காரர்கள் என்பதை உணர்வதுதான் முதல் வேலை.

வழி உண்டு

“காலம் மாறிவிட்டது, என்ன செய்ய முடியும்?” என்று கையை விரிப்பவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்கிறோம்.

இசைத்தட்டும் ரேடியோவும் மேடை வாத்தியக்காரரின் பிழைப்பைப் பறித்த காலத்தில், அமெரிக்க வாத்தியக்காரர் சங்கம் ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையில் 1942 ஆகஸ்ட் 1 முதல், இனி இசைத்தட்டுக்கு வாசிப்பதில்லை என்று வேலைநிறுத்தம் செய்தது. கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லாததால், வாத்தியமே இல்லாமல் வெறும் குரல்களை வைத்துத் தட்டு வெளியிட்டன! இன்று குரலை நீக்கி வாத்தியத்தை விற்பவன், அன்று வாத்தியத்தை நீக்கிக் குரலை விற்றான். தொழிலாளியைப் பிரித்துவைப்பதுதான் அவனுக்கு எக்காலத்திலும் தெரிந்த வித்தை. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே கேட்டுக்கொண்டும் சங்கம் பணியவில்லை. 1943 செப்டம்பரில் ஒரு பெரிய கம்பெனியும், 1944 நவம்பரில் மற்ற இரண்டு பெரிய கம்பெனிகளும் இறங்கி வந்தன. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிறு தொகை நிதியில் சேர வேண்டும். அந்த நிதியிலிருந்து வேலையில்லாத வாத்தியக்காரர்களுக்குக் கூலி கொடுத்துப் பொதுமக்களுக்கு இலவசக் கச்சேரி நடத்த வேண்டும் என்று முடிவாயிற்று. 1947-இல் முதலாளிகளுக்குச் சாதகமான சட்டம் வந்து அந்த நிதியைச் சங்கத்தின் கையிலிருந்து பிடுங்கியது. 1948-இல் மீண்டும் வேலைநிறுத்தம் செய்து, தனி அறக்கட்டளையாக அதை நிலைநிறுத்தினார்கள்.

நமக்கும் சொந்த மரபு உண்டு. ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு 1960-இல் இசையமைத்த எம்.பி. ஸ்ரீனிவாசன், அதை டைரக்ட் செய்த நிமாய் கோஷ் ஆகிய இடதுசாரிக் கலைஞர்கள் இருவரும் சினிமாத் தொழிலாளரைச் சங்கத்தில் திரட்டுவதில் முன்னின்றவர்கள். வாத்தியக்காரரும் தொழிலாளியே, அவருக்கும் கூலி விகிதமும் கௌரவமும் வேண்டும் என்று நிலைநாட்டியது எம்.பி.எஸ். வழி. அந்த வழியில் அடுத்த அடி வைக்க வேண்டிய நேரம் இது.

கோரிக்கைகள்

முதலாவது: சட்டத்தின் அந்த வால் நறுக்கப்பட வேண்டும். பாட்டில் வாசிக்கும் ஒவ்வொருவரின் பெயரும் படத்திலும் பாட்டு வெளியாகும் இடத்திலும் இடம்பெற வேண்டும். பெயர் இல்லை என்பது பங்கை மறுக்கக் காரணமாகக் கூடாது.

இரண்டாவது: குரல் நீக்கிய பாட்டை விற்றும், குரல் நீக்கும் சாதனத்தை வாடகைக்கு விட்டும் சம்பாதிக்கும் கம்பெனிகளின் வருமானத்தில் ஒரு பங்கு வாத்தியக் கலைஞர் நிதிக்கு வர வேண்டும். பழைய பாட்டில் யார் வாசித்தார் என்று இனிமேல் எப்படித் தேடுவது என்று சிலர் கேட்பார்கள். வெளிவந்து 60 ஆண்டு ஆன ஒலிப்பதிவுக்கு உரிமையே தீர்ந்துவிட்டதே என்பார்கள். அதனால்தான் தனித்தனிப் பங்கு மட்டும் போதாது, பொது நிதி வேண்டும் என்கிறோம். கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய்க்குக் குறையாமல் தொழிலாளர் நலனுக்குத் தர வேண்டும் என்று 1996-இல் சட்டம் வந்தது. எந்தச் செங்கல்லை எந்தக் கொத்தனார் வைத்தார் என்று கேட்டுக்கொண்டா அந்தப் பணத்தை வசூலித்தார்கள்? கட்டியவர்கள் கொத்தனார்கள், ஆகவே நிதி கொத்தனார்களுக்கு. வாசித்தவர்கள் வாத்தியக்காரர்கள், ஆகவே நிதி வாத்தியக்காரர்களுக்கு.

மூன்றாவது: மேடை வாத்தியக்காரர்கள் ஊர் ஊராகச் சங்கமாகத் திரள வேண்டும். கூலி விகிதத்தைத் தாங்களே சேர்ந்து நிர்ணயிக்க வேண்டும். ஒருவர் கூலியை இன்னொருவர் குறைத்துக்கொண்டு ஓடும் போட்டி முதலாளிக்கே லாபம். நல வாரியப் பாதுகாப்பு இவர்கள் ஒவ்வொருவருக்கும் கிடைக்கச் செய்யும் பொறுப்பு சர்க்காருக்கு உண்டு.

நான்காவது: நோம்பிக் கமிட்டிகளையும் ஊராட்சிகளையும் தொழிற்சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறோம். பொதுப்பணத்தில் நடக்கும் விழாவில் நம் ஊர் வாத்தியக்காரர்களுக்கு இடம் கொடுங்கள். ஒலிபெருக்கிக்கும் விளக்குத் தோரணத்துக்கும் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியை வாசிக்கும் கைகளுக்குக் கொடுங்கள். மே தின மேடையில் தோழர் பாட, அருகில் இன்னொரு தோழர் தபேலா வாசிக்கட்டும். அங்கே பாட்டும் இருக்கும், கூலியும் இருக்கும்.

யந்திரம் குரலை நீக்கட்டும். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் குரலை நீக்கியதும் வெளிச்சத்துக்கு வந்த அந்த உழைப்பாளியை மறுபடி இருட்டில் தள்ள அனுமதிக்க மாட்டோம். பாட்டிலிருந்து குரலைப் பிரிக்க யந்திரம் கண்டுபிடித்துவிட்டார்கள். உழைப்பாளியை உழைப்பாளியிடமிருந்து பிரிக்கும் யந்திரமோ வெகுகாலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தும் விசை நம் கையில் இருக்கிறது. பாடுகிறவரும், வாசிக்கிறவரும், கைதட்டிக் கேட்கிற மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒன்று சேர்ந்து அந்த விசையை அழுத்துவோம்!